எத்தனை பிடித்தால் போதும்?

 

சனிக்கிழமை மாலையில் டோபி காட் ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்து, பிளாசா சிங்கப்பூராவின் வாசலில் சற்று நின்று பாருங்கள். எதிரே இஸ்தானா பூங்கா. வலப்புறமும் இடப்புறமும் ஓயாத ஜன நடமாட்டம். அந்தக் கூட்டத்தின் நடுவே சிலர் மட்டும் எங்கும் போகாமல் நிற்பார்கள். கையில் தொலைபேசி, கண் அதன்மேல், விரல் ஒன்று கண்ணாடியில் கீழிருந்து மேலாகச் சுண்டிவிடும். பள்ளிப் பையனும் நிற்பான், தலை நரைத்தவரும் நிற்பார். அவர்கள் பிடித்துக் கொண்டிருப்பது போக்கிமான் என்னும் பிராணியை. சட்டைப்பைப் பூதம் என்பதைக் குறுக்கி வைத்த பெயர் அது.

நம் சங்கத்து அன்பர் ஒருவர், கடையநல்லூர்க்காரர், பலசரக்கு வியாபாரி, தம் மகனை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தார். மகன் நின்றுவிட்டான். கால் மணி நேரமாயிற்று, அரை மணி நேரமாயிற்று. தகப்பனாருக்குப் பொறுமை போய்விட்டது.

"வாடா, போகலாம். மஃரிபுக்கு நேரமாச்சு."

"இன்னும் ஒண்ணுதான் அத்தா பாக்கி."

"நேத்தும் இதைத்தானே சொன்னே?"

"நீங்களும் இன்னும் ஒரு கிளை போட்டாப் போதும்னு போன வருஷம் சொன்னீங்களே, அத்தா?"

அன்பர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பென்கூலன் தெருப் பள்ளிவாசலுக்கு இருவரும் நடந்தே போய்த் தொழுதுவிட்டு வந்தார்களாம். மறுநாள் நம்மைச் சந்தித்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த விளையாட்டு கூடுமா, கூடாதா? நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள்."

கூடும், கூடாது என்று தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பொறுப்பு. பத்திரிகை எழுதுகிறவர்களின் வேலையல்ல. 2001ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் இவ்விளையாட்டையும் இதன் சீட்டுகளையும் தடுத்து மார்க்கத் தீர்ப்பு வெளியிட்டார்கள். சூதாட்டத்தை ஒத்திருக்கிறது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. அதை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். ஆனால் அந்தப் பையன் தன் தகப்பனாரிடம் கேட்டானே, அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு மட்டும் பதிலாகாது. அதைத்தான் நாம் இங்கே யோசிக்கப் போகிறோம்.

பூச்சி பிடித்த பையன்

இந்த விளையாட்டை உண்டாக்கியவர் ஜப்பானியரான சத்தோஷி தஜிரி. 1965இல் பிறந்தவர். தோக்கியோவை அடுத்த மச்சிடா என்னும் ஊரில் வளர்ந்தார். சிறு வயதில் அவருக்கு வண்டு பிடிப்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. கூட்டாளிப் பிள்ளைகள் அவரைப் 'பூச்சி டாக்டர்' என்றே அழைத்தார்களாம். வயலும் குளமுமாக இருந்த அந்த ஊர் அவர் கண்முன்னே கட்டடமும் கடையுமாக மாறிற்று. வண்டு போயிற்று, வண்டு பிடிக்கும் இன்பமும் போயிற்று. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அந்த இன்பத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பாடுபட்டு 1996 பிப்ரவரி 27ஆம் தேதி, நின்டெண்டோ நிறுவனத்தாரின் கேம் பாய் என்னும் கையடக்க யந்திரத்துக்காக, சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக அவ்விளையாட்டு வெளிவந்தது.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பத்து வீடுகளில் இருந்த காலத்தில், இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் சண்டைச் சிலந்தியைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து வைக்காத பையன் உண்டா? லோங்காங்கில் இறங்கிச் சண்டை மீன் பிடித்து உம்மாவிடம் அடி வாங்காதவர்தாம் உண்டா? அந்தச் சிலந்திக்கு ஒரு பெயர், அதன் வீரத்துக்கு ஒரு புகழ். அடுத்த வீட்டுப் பையனிடம் அதைக் கொடுத்து வேறொன்று வாங்குவதற்கு ஒரு பேரம். அடுக்குமாடி வீடுகள் வந்தன, நலமே வந்தது. ஆனால் சிலந்தி இருந்த செடி போய்விட்டது. பையன் மட்டும் அதே பையனாக இருக்கிறான். அவன் கையில் தொலைபேசி இருக்கிறது.

2016 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, போக்கிமான் கோ என்னும் தொலைபேசி விளையாட்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் உட்கார்ந்து ஆட முடியாத விளையாட்டு அது. தெருவில் நடந்தால்தான் பிராணி தென்படும். முட்டை ஒன்று கிடைக்கும். 2 கிலோமீட்டரோ, 5 கிலோமீட்டரோ, 10 கிலோமீட்டரோ நடந்தால்தான் அது குஞ்சு பொரிக்கும். ஹவ்காங்கில் அவென்யூ 10இல் புளோக் 401ஐச் சுற்றி இரவு நேரத்தில் கூடிய கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதே மாதத்தில் தைவானில் பெய்த்தோ என்னுமிடத்தில் அரியதொரு பிராணி தென்பட்டதென்று ஆயிரக்கணக்கானோர் சாலையை அடைத்துக்கொண்டு ஓடினார்கள். விளையாட்டு இங்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால், அது இன்னும் கிடைக்கவில்லையே என்ற ஆத்திரத்தில் இந்த நாட்டையே இழித்து எழுதிய ஓர் அயல்நாட்டு ஊழியர் தம் உத்தியோகத்தை இழந்தார். இல்லாத ஒரு பிராணிக்காக இருக்கிற உத்தியோகம் போயிற்று!

வியாபாரிக்குத் தெரிந்த ருசி

இதில் அப்படி என்ன ருசி இருக்கிறது என்று கேட்கிற உரிமை மற்றவர்களுக்கு உண்டு. வியாபாரியாகிய நமக்கு அந்த உரிமை இல்லை. ஏனென்றால் இந்த விளையாட்டில் இருப்பது முழுவதும் நம் தொழிலின் ருசிதான்.

கையில் சொற்ப முதலோடு ஒரு பையன் வீட்டை விட்டுப் புறப்படுகிறான். மூன்று பிராணிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளலாம்; மற்ற இரண்டும் அவனுக்கில்லை. ஊர் ஊராகப் போகிறான். எந்தப் புல்வெளியில் எது கிடைக்கும், எந்த ஆற்றோரத்தில் எது கிடைக்கும் என்று நினைவில் வைத்துக்கொள்கிறான். மெலிந்ததை வளர்க்கிறான்; எது எதற்கு ஈடு கொடுக்கும் என்று கணக்குப் பார்க்கிறான். அவனிடம் ஒரு பேரேடு இருக்கிறது. கண்டது இத்தனை, பிடித்தது இத்தனை என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். நம் முன்னோர் நாகூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறி இந்த ஊருக்கு வந்து செய்ததும் இதுதானே! சொற்ப முதல், புதிய துறைமுகம், எந்தச் சரக்கு எங்கே மலிவு என்ற ஞாபகம், இரவில் விளக்கடியில் பேரேடு.

சஃபாரி மண்டலம் என்று அந்த முதல் விளையாட்டில் ஓர் இடம் உண்டு. உள்ளே நுழையக் கட்டணம். 30 பந்துகள் கொடுப்பார்கள், 500 அடி நடக்கலாம், அவ்வளவுதான் தவணை. அங்கே அரிய பிராணி எதிர்ப்பட்டால் சண்டையிட வழியில்லை. கல்லெறியலாம், அல்லது இரை போடலாம். கல்லெறிந்தால் எளிதில் பிடிபடும்; ஆனால் ஓடிப்போகவும் எளிது. இரை போட்டால் ஓடாமல் நிற்கும். ஆனால் பிடிபடுவது கடினமாகும். வாடிக்கைக்காரரிடம் விலையை இறுக்கிப் பேசிக் கைநழுவ விட்டவருக்கும், இளகிப் பேசி நாள் முழுதும் நிற்க வைத்து ஒன்றும் விற்காமல் போனவருக்கும் இது பழகிய கதை. இதற்கு மருந்து இல்லை. பந்து தீர்ந்தால் வெளியே வர வேண்டும். மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். பையன் பல்லைக் கடிக்கிறான். நாமும் கடித்திருக்கிறோம்.

ஆகவே, 'இல்லாத பூதத்துக்குப் பொழுதை வீணாக்குகிறாயே' என்று நாம் அவனைக் கடிந்துகொள்ளும்போது, அவன் மனத்துக்குள் ஒரு பதில் இருக்கத்தான் செய்யும். கடையநல்லூர் அன்பரின் மகன் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

நகர்ந்துகொண்டே போகும் எல்லை

இவ்விளையாட்டின் விளம்பர வாசகம் ஒரே கட்டளைதான்: எல்லாவற்றையும் பிடி! சரி, எல்லாம் என்றால் எத்தனை? 1996இல் 151. கெட்டிக்காரப் பையன் ஒருவன் சில மாதங்கள் பாடுபட்டால் அருகில் வந்துவிடலாம். 1999இல் அது 251 ஆயிற்று. 2002இல் 386. 2006இல் 493. 2010இல் 649. 2013இல் 721. 2022இல் வந்த பதிப்போடு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. முதற் பதிப்பை ஆடிய பையனுக்கு இன்று நாற்பது வயதிருக்கலாம். அவன் ஓடியது கொஞ்சமல்ல. எல்லைக்கோடு அவனைவிட வேகமாக ஓடிற்று.

இந்த விளையாட்டின் உண்மையான வேதனை இதுதான் என்பது நமது எண்ணம். பிராணி தப்பி ஓடுவது சின்ன வேதனை. பிடித்தும் நிறையாதிருப்பது பெரிய வேதனை. 'வேண்டும்' என்பதை அது நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது. 'போதும்' என்பதை அது கற்றுக்கொடுக்காது. அதற்கு அது கடமைப்பட்டதுமல்ல. விற்கிறவர்களுக்கு 'போதும்' என்ற சொல்லால் லாபமில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தக் கேம் பாய்ப் பெட்டிக்குள் செருகும் பேழையில் நாணயம் போன்ற ஒரு சிறு பாட்டரி இருக்கும். பையன் பிடித்தவை எல்லாம் அந்தப் பாட்டரி உயிரோடிருக்கும்வரைதான் ஞாபகத்தில் நிற்கும். பதினைந்து, இருபது ஆண்டு கழித்து, பழைய நினைவில் அலமாரியைத் திறந்து எடுத்துப் போட்டுப் பார்த்தவர்கள் பலர், பேரேடு வெறுமையாக இருக்கக் கண்டார்கள். யாரும் திருடவில்லை, தீப்பிடிக்கவில்லை, பாட்டரியின் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான்.

நம் ஆயுளும் அப்படி முடியக்கூடியதுதான் என்று நாம் எடுத்துக் கூறவும் வேண்டுமா? அதிகமாக்கிக்கொள்ளும் போட்டியைப் பற்றியே பேசும் தனி அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனில் உண்டு, 102ஆவதான தகாஸுர். நம்மில் பெரும்பாலோர் அதைச் சிறு வயதில் மனனம் செய்து, தொழுகையில் ஓதி வருகிறோம். குறுகிய அத்தியாயம், சீக்கிரம் ஓதி முடித்துவிடலாம் என்பதற்காக அதைத் தேர்ந்துகொண்டு, முடித்தவுடன் கடைக்கு ஓடுகிறவர்களும் நம்மில் இருக்கிறோம்!

பழைய திக்காமும் புதிய பொட்டலமும்

இதுவரை பையனைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். இது சற்றுக் கசக்கும்.

சிங்கப்பூரில் நம்மவர் நடத்திய சில்லறைக் கடைகளை எல்லா இனத்தாரும் 'மாமாக் கடை' என்று அன்போடு அழைத்தார்கள். அந்தக் கடைகளில் மிட்டாய்ப் போத்தல்களுக்கு மேலே ஓர் அட்டை தொங்கும். திக்காம்-திக்காம் என்பார்கள். பிள்ளை ஐந்து காசோ பத்துக் காசோ கொடுத்து, மடித்து ஒட்டிய ஒரு துண்டுக் காகிதத்தைப் பிய்த்து எடுக்கும். உள்ளே ஓர் எண். எண்ணுக்குப் பரிசு இருந்தால் விளையாட்டுச் சாமான். இல்லாவிட்டால் ஒன்றுமில்லை, அல்லது ஒரு மிட்டாய். பெரிய பரிசு அட்டையின் உச்சியில் பளபளவென்று தொங்கிக்கொண்டே இருக்கும். பள்ளிவாசலுக்கு ஐந்து நேரமும் போன நல்ல மனிதர்களின் கடைகளிலும் அது தொங்கிற்று. பிள்ளைகள் விளையாட்டுதானே என்று நினைத்தோம். இன்று அதை மலரும் நினைவாகப் பேசி மகிழ்கிறோம்.

இன்று அந்த அட்டை இல்லை. அதன் இடத்தில் மினுமினுக்கும் பொட்டலம் வந்திருக்கிறது. போக்கிமான் சீட்டுகள் 1996 அக்டோபரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. பொட்டலம் ஒட்டியிருக்கும், உள்ளே எந்தச் சீட்டு என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. பெரும்பாலும் சாதாரணச் சீட்டுகளே இருக்கும். எங்கோ ஒரு பொட்டலத்தில் அரிய சீட்டு இருக்கும். பரிசாக மட்டுமே வழங்கப்பட்ட அரிய சீட்டு ஒன்றை 2021இல் ஓர் அமெரிக்கர் 50 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட மதிப்பில் வாங்கினார் என்ற செய்தி உலகமெங்கும் பரவிற்று. அட்டையின் உச்சியில் தொங்கும் பெரிய பரிசு அதுதான்!

பிக்ஹு நூல்களை ஓதியவர்கள் அறிவார்கள்: தண்ணீருக்குள் இருக்கும் மீனையும், ஆகாயத்தில் பறக்கும் பறவையையும் விற்பது கூடாது என்று இமாம்கள் உதாரணம் சொல்லி விளக்கியிருக்கிறார்கள். கரர் என்பது அதற்குப் பெயர். கையில் இல்லாததை, இன்னதென்று தெரியாததை விலை பேசுவது. பிடித்த மீனை விற்பதில் குற்றமென்ன? பிடிக்கும் முயற்சிக்குக் கூலி வாங்குவதில்தான் குற்றமென்ன? 'உனக்கு மீன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் விலையை இப்போதே கொடு' என்பதில்தான் குற்றம் நுழைகிறது. அங்கே விற்கப்படுவது சரக்கல்ல. ஒரு பிள்ளையின் ஏக்கம்.

பையன் காட்டில் நடந்து, கல்லெறிந்து, தப்பவிட்டு, மறுபடி நடந்து ஒரு பிராணியைப் பிடிப்பது வேறு. பொட்டலத்தைக் கிழித்துப் பார்த்து, இல்லையென்று அடுத்த பொட்டலத்துக்குக் காசு கேட்பது வேறு. முதலாவதில் அவன் பிரயாசை இருக்கிறது, பொறுமை வளர்கிறது. இரண்டாவதில் வளர்வது ஆசை மட்டுமே. கண்டிப்பதென்றால் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிக் கண்டிக்காதீர்கள். எல்லாவற்றையும் ஹராம் என்று முழங்கிவிட்டு, பகலில் நம் கடையிலேயே அந்தப் பொட்டலத்தை வரிசையாக மாட்டி வைத்தால், பிள்ளை நம் பேச்சை நம்பாது. நம்பவும் கூடாது.

'ஊரெல்லாம் விற்கிறார்கள், நாம் மட்டும் விற்காவிட்டால் என்ன ஆகும்?' என்று ஒரு வியாபாரி கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடகை ஏறுகிறது, கடல்போன்ற அங்காடிகளோடு நம் சிறு கடை போட்டியிட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. இதே சீட்டுகளைத் திறந்து, இன்ன சீட்டு இன்ன விலை என்று எழுதிக் கண்ணாடிக்குள் வைத்து ஒன்றொன்றாக விற்கிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். வாங்குகிறவன் பார்த்து வாங்குகிறான். விற்கிறவன் சொல்லி விற்கிறான். லாபம் சற்றுக் குறையலாம். இரவில் பேரேட்டை மூடும்போது மனம் சற்று லேசாக இருக்கும். இதில் சந்தேகமுள்ளவர்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். கேட்காமல் இருப்பதற்கு மட்டும் சாக்குச் சொல்ல வேண்டாம்.

எண்ணுவது எதற்காக?

பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். இன்னும் ஒரு கிளை போட்டால் போதும் என்று தகப்பனார் சொன்னது பொய்யா?

கிளை போடுவதில் தவறில்லை. பத்துப் பேருக்கு வேலை கிடைக்கும்; ஊரில் பத்துக் குடும்பம் அடுப்பு மூட்டும். சேர்ப்பதையே மார்க்கம் வெறுத்திருந்தால் வியாபாரத்தை அது இவ்வளவு சிறப்பித்திராது. ஆனால் சேர்ப்பவனை மார்க்கம் வருஷத்துக்கு ஒரு நாள் நிறுத்துகிறது. நில், உன் சரக்கை எண்ணு, அன்றைய விலைக்கு மதிப்பிடு, நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்திருந்தால் 40இல் 1 பங்கை எடுத்து உரியவர்களுக்குக் கொடு என்கிறது. சிங்கப்பூரில் 1968 முதல் முயிஸ் அமைப்பு இந்த ஜகாத்தை வசூலித்து ஏழைகளுக்குச் சேர்ப்பித்து வருகிறது. விளையாட்டுப் பேரேடு எண்ணுவது, இன்னும் எத்தனை பிடிக்க வேண்டும் என்று காட்டுவதற்காக. ஜகாத்துப் பேரேடு எண்ணுவது, இதில் எத்தனை என்னுடையதல்ல என்று காட்டுவதற்காக. எண்ணுவது ஒன்றுதான், எண்ணும் மனிதன் வேறாகிவிடுகிறான்.

நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது பேரேட்டை நாம் எப்போதாவது காட்டியிருக்கிறோமா? கல்லாப் பெட்டியைப் பார்த்திருக்கிறார்கள். கிளை திறப்பு விழாவில் பன்னீர் தெளித்திருக்கிறார்கள். ஜகாத்துக் கணக்குப் பார்க்கும் இரவில் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தவர்கள் எத்தனை பேர்?

கொடுத்தால் வளரும் பிராணி

விளையாட்டை ஆராய்ந்து பார்த்தபோது நமக்கு ஆச்சரியமூட்டிய ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறோம்.

முதல் பதிப்பைச் சிவப்பு, பச்சை என்று இரண்டாகச் செய்தார்கள் என்றோமே, அது காரணத்தோடு செய்ததாகும். சிவப்பில் கிடைக்கும் சில பிராணிகள் பச்சையில் கிடையா. பச்சையில் கிடைக்கும் சில சிவப்பில் கிடையா. எத்தனை கெட்டிக்காரனானாலும், எத்தனை நாள் உறங்காமல் ஆடினாலும், தனியொருவனாக நிறைக்க முடியாது. அடுத்தவனைத் தேடிப் போக வேண்டும். இரண்டு யந்திரத்தையும் ஒரு கம்பியால் இணைத்துக் கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் கம்பியைப் பார்த்தபோது, அதன்மேல் பூச்சிகள் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஊர்ந்து போவதுபோலத் தமக்குத் தோன்றிற்று என்று தஜிரி கூறியிருக்கிறார். இந்த எண்ணத்திலிருந்துதான் விளையாட்டே பிறந்தது.

அதிலும் நான்கு பிராணிகள் இருக்கின்றன. கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹாண்டர் என்று அவற்றுக்குப் பெயர். மற்றவை வைத்திருந்து வளர்த்தால் பெரிதாகிவிடும். இந்த நான்கு மட்டும் எத்தனை காலம் வைத்து வளர்த்தாலும் முழு உருவம் பெறமாட்டா. இன்னொருவன் கைக்கு அதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த அந்தக் கணத்தில், அவன் கையில், அது முழு வளர்ச்சி அடையும். திரும்ப வேண்டுமானால் அவனைத்தான் நம்ப வேண்டும். அவன் திருப்பித் தராமலும் இருக்கலாம்!

போக்கிமான் கோவில் பரிமாற்றம் 2018 ஜூன் மாதம் வந்தது. அதிலும் தொடக்கத்தில் இருவரும் 100 மீட்டருக்குள் நேரில் இருக்க வேண்டும் என்றுதான் விதித்தார்கள். ஆள் முகத்தைப் பார்த்துக் கொடுத்து வாங்குவது! காசு மாற்றும் கடை நடத்திய நம் பெரியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அடைத்து வைத்த முதல் பெருகாது, கைமாறினால்தான் பெருகும். கைமாற நம்பிக்கை வேண்டும்.

டோபி காட் என்ற பெயருக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டோபி என்றால் சலவைத் தொழிலாளி. காட் என்றால் நீர்த்துறைப் படிக்கட்டு. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் அக்காலத்தில் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்து வெளியில் உலர்த்தினார்கள். ஊரில் உள்ளவர்களின் துணியெல்லாம் அவர்களிடம் வந்து சேர்ந்தது. இன்னார் துணி இன்னது என்று குறியிட்டு வைத்து, வெளுத்து, மடித்து, உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அத்தனை சேர்த்தும் ஒன்றையும் தமதென்று வைத்துக்கொள்ளவில்லை. அமானிதம் என்று நாம் சொல்வது அதைத்தான். இன்று அதே இடத்தில் நின்றுகொண்டு, பிடித்ததை விடமாட்டேன் என்கிறோம், பையனும் தகப்பனும்.

ஆகவே சகோதரர்களே, நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பிள்ளையின் கையிலிருந்து யந்திரத்தைப் பிடுங்குமுன் ஒரு சனிக்கிழமை அவனோடு நடந்து பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்தே இனிப்பு நீர் வியாதி பெற்ற நமக்கு அந்த இரண்டு கிலோமீட்டர் நல்லதே. பிடிப்பதற்கு ஒரு நேரம் வகுங்கள். பாங்கு சொன்னால் நிறுத்தட்டும், நீங்களும் கல்லாவை நிறுத்துங்கள். ஒட்டிய பொட்டலத்துக்குக் காசு கொடாதீர்கள், ஒட்டிய பொட்டலத்தால் காசு பண்ணவும் வேண்டாம். அவனிடம் இரண்டு இருந்தால் ஒன்றை அடுத்த வீட்டுச் சீனப் பையனுக்கோ மலாய்ப் பையனுக்கோ கொடுக்கச் சொல்லுங்கள்; ஒன்றே இருந்து அதைக் கொடுத்தானானால், அன்று இரவு அவனை மெச்சுங்கள். ஜகாத்துக் கணக்குப் பார்க்கும் நாளில் அவனை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கடையநல்லூர் அன்பருக்கு நாம் சொன்ன பதில் இது. அவர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கிளை போடுறதை இந்த வருஷம் தள்ளி வச்சிருக்கேன். ஊர்ல தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். அதை முதல்ல முடிச்சு வைக்கணும்" என்றார். "மகனிடம் சொன்னீர்களா?" என்று கேட்டோம். "இல்லை. அவனாத் தெரிஞ்சுக்கட்டும்" என்று சிரித்தார். சொல்லிவிடுங்கள் என்றோம். நாம் பிடித்ததை எல்லாம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கொடுத்ததை நாம் சொன்னாலன்றி அவர்கள் அறிவதில்லை.

சேர்ப்பதில் அளவையும், கொடுப்பதில் மகிழ்வையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.